வுய்யாரின் அறைகளில் மனிதர்கள் ஏன் சுவரோடு கலந்துவிடுகிறார்கள்?

வடக்குச் சன்னல் (கேள்வி):

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள சிறிய ஓவியம் ஒன்றைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். பிரெஞ்சு ஓவியர் எதுவார் வுய்யார் 1893இல் தீட்டிய அந்த ஓவியத்தில் அவருடைய தாயும் தமக்கை மரியும் ஓர் அறையில் இருக்கிறார்கள். தாய் கருப்பு உடையில், முழங்கால்களை அகற்றி, கைகளை அவற்றின்மீது ஊன்றி, அந்த அறையே தமக்குரியது என்பதுபோல் அமர்ந்திருக்கிறார். மரியோ இடப்பக்கத்தில் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறார். ஓவியத்தின் மேல்விளிம்பு தலையில் இடித்துவிடும் என்று அஞ்சியவர்போலக் குனிந்திருக்கிறார். அவர் உடுத்தியிருக்கும் கட்டம்போட்ட துணியும் பின்னாலுள்ள சுவர்த்தாளின் புள்ளிகளும் ஒன்றோடொன்று இழைந்துவிடுவதால், உடை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. தரை நம்மை நோக்கிச் சரிந்து வருகிறது.

அந்தக் காலப் பிரெஞ்சு ஓவியம் என்றால் ஆற்றங்கரையும் தோட்டமும் வெயிலும்தான் என்று பழகிய எனக்கு, இந்த அறை ஒரு வாரமாக மனத்தை விட்டு அகலவில்லை. அதன்பின் வுய்யாரின் பிற ஓவியங்களையும் தேடிப் பார்த்தேன். தைக்கும் பெண்கள், விளக்கடியில் குனிந்த தலைகள், பாதி திறந்த கதவுகள் என்று ஏறக்குறைய எல்லாவற்றிலும் மனிதர்கள் அறைக்குள் கரைந்துகொண்டிருக்கிறார்கள்.

என் ஐயங்கள் இவை. ஆழத்தைக் காட்டத் தெரியாத ஒருவரின் கைப்பிழையா இது, வேண்டுமென்றே செய்ததா? வேண்டுமென்றே செய்தது என்றால், அவர் தம் வீட்டை அன்போடு பார்க்கிறாரா, அந்த வீட்டுக்குள் மூச்சுத் திணறுகிறாரா? ஒரே ஓவியத்தில் இரண்டும் எனக்கு மாறிமாறித் தெரிகின்றன. அறிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் மகிழ்வேன்.

அரைநிழல்:

முதல் ஐயத்துக்கு உறுதியாகவே விடை சொல்லலாம்: அது பிழையன்று. வுய்யார் பாரிஸில் முறையாகப் பயின்றவர். ஆழமும் உடற்கூறும் அவருக்கு நன்றாகவே கைவந்திருந்தன. அவற்றை அவர் விலக்கிவைத்ததற்கு ஒரு வரலாறு உண்டு.

1888இல் போல் செருசியே என்ற மாணவர், பிரான்சின் பிரித்தானி வட்டாரத்திலுள்ள போன்-தாவன் ஊரில் ஓவியர் கோகேனுடைய வழிகாட்டலில் சிறிய மரப்பலகை ஒன்றில் ஒரு காட்டுக்காட்சியைத் தீட்டிக்கொண்டு பாரிஸ் திரும்பினார். மரம் மஞ்சளாகத் தெரிகிறதா, அப்படியானால் உன்னிடமிருக்கும் நல்ல மஞ்சளையே வை என்பதுதான் கோகேன் சொன்னதன் சாரம். 27 செ.மீ. உயரமே உள்ள அந்தப் பலகையை நண்பர்கள் ‘தாயத்து’ என்று பெயரிட்டுப் போற்றினார்கள். அதைச் சுற்றிக் கூடிய இளைஞர்கள், இறைவாக்கினரைக் குறிக்கும் எபிரேயச் சொல்லை எடுத்துத் தங்களை ‘நாபி’கள் என்று அழைத்துக்கொண்டார்கள். பியேர் போன்னார், மோரிஸ் தெனி, கெர்-சவியே ரூசெல் ஆகியோருடன் வுய்யாரும் அதில் சேர்ந்தார். 1890இல், இருபது வயதுகூட நிறையாத தெனி, ஓர் ஓவியம் போர்க்குதிரையாகவோ நிர்வாணப் பெண்ணாகவோ ஏதோ ஒரு கதையாகவோ ஆவதற்கு முன்னால், அடிப்படையில், குறிப்பிட்ட ஒழுங்கில் நிறங்கள் பரப்பப்பட்ட ஒரு தட்டையான பரப்பு என்பதை மறக்கலாகாது என்று எழுதினார். அதே ஆண்டின் வசந்த காலத்தில் பாரிஸின் நுண்கலைப் பள்ளியில் ஜப்பானிய மர அச்சு ஓவியங்களின் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. நிழல் விழாத உருவங்களும், விளிம்பில் வெட்டுப்பட்ட உடல்களும், உடலை மறைத்துத் தானே முன்னால் வந்து நிற்கும் துணி வேலைப்பாடும் இந்த இளைஞர்களின் கண்ணை மாற்றின.

ஆனால் தட்டையான பரப்பு என்ற கொள்கையை மட்டும் கொண்டு வுய்யாரை விளக்கிவிட முடியாது. தெனியும் அதே கொள்கையைக் கைக்கொண்டு சமயக் காட்சிகளைத் தீட்டினார். அவற்றில் இந்த நெருக்கம் இல்லை. வுய்யாரிடம் கூடுதலாக இருந்தது நாடக மேடை. பள்ளித்தோழரான லூன்யே-போ 1893இல் ‘தெயாத்ர் த லேவ்ர்’ என்ற நாடக அரங்கை நிறுவியபோது, அதன் தொடக்க நாடகமான, நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘ரோஸ்மர்ஸ்ஹோம்’ நாடகத்துக்கு மேடைக்காட்சி அமைத்தவர் வுய்யார்தான். அந்த வட்டத்தினர் பெல்ஜிய நாடகாசிரியர் மேட்டர்லிங்கின் நாடகங்களிலும் ஊறியிருந்தார்கள். 1891இல் பாரிஸில் மேடையேறிய அவருடைய ஒரு நாடகத்தில், ஒரு குடும்பம் இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து அறையில் நோயுற்ற தாய் கிடக்கிறாள். பார்வையற்ற முதியவர் ஒருவர் மட்டும் யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டதை உணர்கிறார். மேடையில் நிகழ்ச்சி என்று ஏதுமில்லை, அறையின் அழுத்தமே நாடகம். நீங்கள் சொல்லும் ஓவியம் தீட்டப்பட்டதும் இந்தச் சூழலில்தான். மரி குனிந்து நிற்பதற்கு அறைக்குள் காரணமில்லை, ஓவியச் சட்டகமே அவரைக் குனியவைக்கிறது. மேடையைக் கட்டத் தெரிந்த ஒருவரின் கணக்கு அது.

மூச்சுத் திணறல் என்று நீங்கள் உணர்வது சரி என்பதே என் கருத்து. தாய் இருக்கும் இடத்தில் மகளுக்கு இடமில்லை என்பதை அந்த ஓவியம் ஒளிக்காமல் சொல்கிறது.

தையற்கண்:

அரைநிழல் அவர்கள் கூறிய வரலாற்றை ஏற்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. தைக்கிற வீட்டில் வளர்ந்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

வுய்யாரின் தாய், பெண்கள் இடையை இறுக்கிக் கட்டும் கார்செட் என்ற உள்ளாடையைத் தைப்பவர். எதுவார் பதின்வயதில் இருந்தபோதே தந்தை இறந்துவிட, வீட்டிலேயே தையலறை நடத்திக் குடும்பத்தைத் தாங்கியவர் அந்த அம்மையார். மரியும் அந்தத் தையலறையில் வேலை செய்தார். கூலிக்குத் தைக்கும் பெண்களும் வந்துபோனார்கள். ஆகவே இந்த ஓவியங்களில் நாம் பார்ப்பது, செல்வர் வீடுகளில் விருந்தினர் வருகைக்காக ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் கூடமன்று. உண்ணும் மேசையே வெட்டும் மேசையாகவும், படுக்கும் அறையே அளவெடுக்கும் அறையாகவும் மாறிக்கொண்டிருந்த ஒரு வீடு. அப்படிப்பட்ட வீட்டில் துணி ஓரிடத்தில் அடங்கி இருப்பதில்லை. நாற்காலியின் முதுகில், மடியில், தரையில், கதவுக் கைப்பிடியில் என்று எங்கும் கிடக்கும். மாலை மங்கிய நேரத்தில் குனிந்து தைத்துக்கொண்டிருப்பவரின் மடியிலிருக்கும் துணி எது, அவர் உடுத்தியிருக்கும் துணி எது என்று வாசலில் நிற்பவருக்கு உண்மையாகவே தெரியாது. நான் அதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வுய்யார் கொள்கையைப் படித்துவிட்டு அறையைத் தட்டையாக்கினார் என்பதைவிட, தம் வீட்டில் தினமும் கண்டதைச் சொல்ல அந்தக் கொள்கை அவருக்கு வாகாக அமைந்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அதே 1893இல் அவர் தீட்டிய ‘பெண் கேட்டு வந்தவர்’ என்ற ஓவியத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 32 செ.மீ. உயரம்தான். தையல் மேசையில் துணிகள் பரந்து கிடக்கின்றன. நண்பர் ரூசெல் உள்ளே எட்டிப்பார்க்கிறார். மரி வேலையிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்க்கிறார். அந்த ஆண்டுதான் இருவருக்கும் திருமணம் நடந்தது. அந்த அறையிலும் சுவர் முழுக்கப் பூவேலைதான், உருவங்கள் அதற்குள் கலந்துதான் இருக்கின்றன. ஆனால் அந்தப் படத்தில் மூச்சுத் திணறல் என்று யாராவது சொல்ல முடியுமா? நிறங்கள் துள்ளுகின்றன. சுவரோடு கலப்பது எப்போதும் அழிந்துபோவது ஆகாது, அந்த வீட்டைச் சேர்ந்தவர் என்பதற்கும் அதுவே அடையாளம் ஆகலாம்.

இன்னொன்றும் உண்டு. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1928இல் தாய் இறக்கும்வரை அவரோடுதான் வாழ்ந்தார். தமக்கு அறுபது வயதாகும்வரை ஒருவரையே திரும்பத் திரும்பத் தீட்டிய மகனைப் பார்த்து, அவர் தாயை அஞ்சினார் என்று ஒரே ஓவியத்தைக் கொண்டு முடிவுகட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பசையும் நிறமும்:

இருவரும் படத்தின் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். படம் எதனால் ஆனது என்பதையும் சேர்த்துக்கொண்டால் இந்தக் கலப்பு இன்னும் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

1890களில் வுய்யாரின் சிற்றோவியங்களில் பல அட்டையில் தீட்டப்பட்டவை. பூச்சு எதுவும் கொடுக்காத அட்டை, வண்ணத்திலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நிறம் மினுமினுப்பு இழந்து உலர்ந்த தூள்போல நிற்கும். பல இடங்களில் அவர் அட்டையின் பழுப்பை அப்படியே விட்டுவிடுகிறார். அந்தப் பழுப்பே ஓரிடத்தில் மரச்சாமானாகவும், பக்கத்தில் கன்னமாகவும், அதற்கடுத்து நிழலாகவும் நிற்கிறது. மனிதருக்கும் சுவருக்கும் இடையில் எல்லை தெரியவில்லை என்றால், பல படங்களில் இரண்டும் உண்மையிலேயே ஒரே அட்டைதான் என்பதும் ஒரு காரணம். காலப்போக்கில் அட்டை கருத்துவிடுவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நாம் இன்று காணும் மங்கல் முழுவதையும் ஓவியரின் மனநிலை என்று படித்துவிடக் கூடாது.

அடுத்தது பசைவண்ணம். மேடைத்திரை தீட்டும்போது அவருக்குக் கைவந்த முறை அது. தோல் பசையைச் சூடாக்கி, நிறத்தூளைக் கலந்து, ஆறுவதற்குள் பூசிவிட வேண்டும், சட்டென்று உலர்ந்துவிடும், உலர்ந்தபின் நிறம் வெளிறி, சுண்ணம்போல் ஒளியை விழுங்கும். நம் வீடுகளில் சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பர் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1896இல் மருத்துவர் வாகேஸின் நூலக அறைக்காக அவர் செய்த நான்கு பெரிய ஓவியங்கள் இந்த முறையில் ஆனவை. இப்போது பாரிஸின் பெத்தி பலே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படிப்பவரும் தைப்பவரும் பியானோ வாசிப்பவரும் பூக்கள் அடர்ந்த ஒரே அறைக்குள் இருக்கிறார்கள். அவற்றைப் பற்றிப் பேசுபவர்கள் பலரும் இடைக்காலத் திரைச்சீலை நெசவை நினைவுகூர்கிறார்கள். அது வெறும் ஒப்புமையன்று, 1894இல் பாரிஸின் குளூனி அருங்காட்சியகத்து நெசவுச் சீலைகளைப் பார்த்துவிட்டுத் தம் நாட்குறிப்பில் அவற்றைப் பற்றி எழுதியவர் அவர். அந்த நெசவில் உருவமும் பின்னணியும் தனித்தனிப் பரப்புகள் அல்ல, தறியில் நீளவாக்கில் கட்டிய ஒரே பாவு நூலில்தான் இரண்டும் ஓடுகின்றன. வாகேஸ் அறையின் நான்கு ஓவியங்களையும் ‘அறையில் மனிதர்கள்’ என்று பொதுவாகவே குறிப்பிடுகிறார்கள். யார் அந்த மனிதர்கள் என்று தலைப்பு சொல்வதில்லை. சுவருக்காகச் செய்த ஓவியம், சுவரோடு சேர்ந்தே இருக்க விரும்புகிறது.

இந்தக் காரணத்தால்தான் திரையில் பார்த்து வுய்யாரை எடைபோடக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கணினித்திரை பின்னாலிருந்து ஒளிர்கிறது. அவருடைய பரப்போ ஒளியை வாங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. பார்ப்பவர் தம்மை அறியாமலேயே நெருங்கிக் குனிவார். அவர் தாழ்ந்த குரலில் பேசுகிறார், அதனால் நாம் அவர் பக்கம் சாய்கிறோம் என்ற கருத்தில் எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் 1905இல் எழுதியது நேரில் நின்றவர்களுக்கு உடனே விளங்கும்.

வடக்குச் சன்னல்:

மூவருக்கும் நன்றி. அட்டையின் நிறமே முகமாகவும் நிற்கிறது என்பது எனக்கு முற்றிலும் புதிய செய்தி; அதைப் படித்தபின் படங்களை மீண்டும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வீட்டுக்குள்ளே பார்ப்பது வுய்யார் தொடங்கிவைத்ததா? அவருக்கு முன்னிருந்தவர்களும் உடனிருந்தவர்களும் இதே அறைகளை வேறுவிதமாகப் பார்த்தார்களா?

அரைநிழல்:

தொடங்கிவைத்தது அவரல்லர். முந்தைய தலைமுறை ஓவியர் தெகா 1868–69இலேயே ‘அறை’ என்ற ஓவியத்தைத் தீட்டினார், பிலடெல்பியாவில் இருக்கிறது. விளக்கொளியில் பாதி உடுத்திய பெண் ஒருத்தி முதுகைக் காட்டிக் குறுகி உட்கார்ந்திருக்கிறாள். எதிர்க்கோடியில் ஓர் ஆண் கதவின்மீது சாய்ந்து வழியை அடைத்து நிற்கிறான். நடுவில் திறந்து கிடக்கும் பெட்டியின் உட்புறம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. என்ன நடந்தது என்று ஓவியர் சொல்லவில்லை. ஆனால் அவ்விருவருக்கும் நடுவிலுள்ள தரை முழுவதும் ஆழமாக, அளந்து வைத்ததுபோல் கிடக்கிறது. பிளவை இடைவெளியால் காட்டுகிறார் தெகா. மற்றோர் ஓவியரான காய்போத் 1876இல் தீட்டிய ‘மதிய உணவு’ ஓவியத்திலும் அதுவே. திரைச்சீலைகள் மறைத்த இருண்ட உணவறையில் தாய்க்குப் பணியாளர் பரிமாறுகிறார், தம்பி தன் தட்டில் கவனமாக இருக்கிறான், கரிய மேசை நிறையப் பளிங்குக் கிண்ணங்கள் பளபளக்கின்றன. கீழ்விளிம்பில் ஓவியருடைய காலித்தட்டு வெட்டுப்பட்டுத் தெரிகிறது. அங்கே எல்லோருக்கும் இடம் ஏராளம். ஒருவரிடம் ஒருவர் பேசத்தான் ஆளில்லை. அந்தத் தம்பி ரெனே அதே ஆண்டின் இறுதியில் இறந்துபோனார்.

அவர்கள் காலத்துப் பெண் ஓவியர்களான பெர்த் மொரிசோவையும் மேரி கசாட்டையும் விட்டுவிட்டு இதைப் பேசக் கூடாது. தெகாவும் காய்போத்தும் தெருவிலும் மதுக்கடையிலும் நாடக அரங்கின் பின்புறத்திலும் நின்று தீட்டிவிட்டு, விரும்பியபோது வீட்டுக்குள் வந்தார்கள். நற்குடிப் பெண்ணுக்கு அந்த இடங்களில் தனியாக நின்று வரைய வழியில்லை. ஆகவே மொரிசோவுக்கு வீடு என்பது தேர்ந்தெடுத்த பொருளன்று, இருந்த எல்லை. அந்த எல்லைக்குள் நின்றுதான் 1872இல் ‘தொட்டில்’ பிறந்தது. 1874இல் இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அதில் இருப்பவர் மொரிசோவின் தமக்கை எட்மா. அவர் தொட்டிலின் மெல்லிய திரை வழியாகத் தம் குழந்தையைப் பார்க்கும் பார்வையில் கனிவும் சோர்வும் சேர்ந்தே இருக்கின்றன. 1880வாக்கில் கசாட் தீட்டிய ‘தேநீர்’ ஓவியத்தில் முன்னால் இருக்கும் வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும் இரு பெண்களைவிடப் பெரிதாக நம்மைக் கவர்கின்றன; ஒரு பெண்ணின் முகத்தைக் கோப்பையே மறைத்துவிடுகிறது. பொருள்கள் மனிதரை மறைப்பதை வுய்யாருக்குப் பத்தாண்டுக்கும் முன்பே அவர் கண்டிருக்கிறார்.

உடனிருந்தவர்களில் வுய்யாருக்கு நேர் எதிர்முனை, சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஃபெலிக்ஸ் வல்லோத்தோன். 1897–98இல் அவர் செய்த ‘அந்தரங்கங்கள்’ என்ற பத்து மரச்செதுக்கு அச்சுகளை, இந்த வட்டத்தின் இதழான ‘ரெவ்யூ பிளான்ஷ்’ வெளியிட்டது. முப்பது படிகள் மட்டும் அச்சிட்டபின் கட்டைகளை வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டுகளையே ஒரு தாளில் அச்சிட்டு அதற்குச் சான்றாக வைத்தார்கள். அவற்றுள் ‘பணம்’ என்ற படத்தில் வலப்பக்கம் முழுவதும் ஒரே கருப்பு. அந்தக் கருப்பிலிருந்து ஓர் ஆண் முளைத்து, சன்னலருகே வெள்ளுடையில் நிற்கும் பெண்ணிடம் ஏதோ சொல்கிறான். வுய்யாரின் அறையில் மனிதர் பூவேலைக்குள் மறைகிறார் என்றால், வல்லோத்தோனின் அறையில் மனிதர் மறைவதற்கு ஒரு பூக்கூட இல்லை.

தையற்கண் அவர்களுக்கு ஒரு விடை கடன்பட்டிருக்கிறேன். ‘பெண் கேட்டு வந்தவர்’ பற்றி நீங்கள் சொன்னது சரி, என் முடிவு அவசரமானதுதான். ஆனால் அந்தத் திருமணம் பின்னர் பெரும் துயரமாயிற்று. 1897இல் வுய்யார் தீட்டிய ‘ஆறு பேருடன் பெரிய அறை’ ஓவியத்தை அந்தக் குடும்ப நெருக்கடியின் காட்சியாகவே வாசிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. ஆகவே அன்பா, இறுக்கமா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லி அந்த வீட்டைக் கேட்க முடியாது என்ற அளவில் நாம் உடன்படலாம். வடக்குச் சன்னல் அவர்கள் ஒன்று செய்து பாருங்கள்: அச்சுப் பிரதி ஒன்றை எடுத்து, தாயின் உருவத்தைக் கையால் மறைத்துவிட்டு மரியை மட்டும் சிறிது நேரம் பாருங்கள்.

வடக்குச் சன்னல்:

செய்து பார்த்தேன். கையை வைத்ததும் அறை விசாலமாகும், மரி நிமிர்ந்துவிட்டதுபோலத் தெரியும் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. அந்தக் கருப்பு மறைந்தவுடன் கட்டங்களும் புள்ளிகளும் ஒன்றாகி, மரி ஏறக்குறைய முழுவதுமாகச் சுவருக்குள் போய்விட்டார். முகமும் கையும் மட்டும் சுவர்த்தாளில் ஒட்டிய வெளிறிய திட்டுகளாக நின்றன. கையை எடுத்ததும் திரும்பி வந்தார். அவரை ஒதுக்கித் தள்ளுவதாக நான் நினைத்த அதே கருப்புதான் அவரை என் கண்ணில் நிறுத்திவைத்திருக்கிறது. பிறகு மரியை மறைத்துவிட்டுத் தாயை மட்டும் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தார்.